பிள்ளையின் உளவியல் அறிக்கையைப் படிப்பது எப்படி? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

ஜோகன்னஸ்பர்கிலோ டர்பனிலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து ஓராண்டு ஓடியிருக்கும். ஒரு நாள் வகுப்பாசிரியை கூப்பிட்டு, "பையனுக்கு ஒரு அசெஸ்மென்ட் செய்து பார்த்துவிடலாமே" என்கிறார். அவர் சொன்ன சைக்காலஜிஸ்டிடம் போகிறீர்கள். பிள்ளை உள்ளே, நீங்கள் வெளியே. சில வாரம் கழித்து மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. பத்துப் பதினைந்து பக்கம், நெருக்கமான ஆங்கிலம், நடுநடுவே அட்டவணைகள். உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஐக்யூ எண் எங்கே இருக்கிறது என்று தேடுவது.

நான் டர்பனில் கற்றல் உதவி ஆசிரியை. சைக்காலஜிஸ்ட் இல்லை. ஆனால் தமிழ் பேசுகிறவள் என்பதால் ஐடி வேலைக்கு வந்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கோயிலில் பூஜை செய்ய வந்த குருக்கள் குடும்பம் என்று பலரும் இந்த பிடிஎஃப்போடு என் மேஜைக்கு வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கையில் உங்களுக்கு மிகக் குறைவாகப் பயன்படப்போவது அந்த ஐக்யூ எண்தான்.

யார் எழுதியது, எதற்காக எழுதியது

முதல் பக்கத்தில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும்.

ஒன்று, எழுதியவரின் பதிவு எண். இந்த நாட்டில் உளவியல் சோதனை நடத்துகிறவர் ஹெச்பிசிஎஸ்ஏ எனப்படும் சுகாதாரத் தொழில்வல்லுநர் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சைக்காலஜிஸ்டின் எண் 'பிஎஸ்' என்று தொடங்கும், உளவியல் சோதனைகளை நடத்தப் பயிற்சி பெற்ற சைக்கோமெட்ரிஸ்டின் எண் 'பிஎம்டி' என்று தொடங்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். பள்ளி சார்ந்த விஷயங்களுக்குப் பெரும்பாலும் எஜுகேஷனல் சைக்காலஜிஸ்டிடம்தான் அனுப்புவார்கள். கிளினிக்கல், கவுன்சலிங் என்று வேறு பிரிவுகளும் உண்டு. கையெழுத்து, பென்சில் பிடிக்கும் விதம், சட்டைப் பொத்தான் போடுவது இவற்றைப் பற்றி மட்டும் ஓர் அறிக்கை வந்தால் அது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுடையதாக இருக்கும். அது வேறு அறிக்கை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, எந்தக் கேள்விக்காகப் பிள்ளை அனுப்பப்பட்டான் என்பது. 'அனுப்பிய காரணம்' என்று ஒரு பத்தி இருக்கும். "மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான்" என்பது கேள்வி என்றால், கடைசியில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். சில அறிக்கைகள் எல்லாவற்றையும் அளந்துவிட்டு, கேட்ட கேள்வியை மறந்துவிடும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

அரசுப் பள்ளியானால் இதன் பின்னணியில், உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்கான சையஸ் என்ற கொள்கை இருக்கும். 2014-இல் வந்தது. பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவையா என்று முதலில் வகுப்பாசிரியரே எஸ்என்ஏ 1 என்ற படிவத்தை நிரப்புவார். அது போதவில்லை என்றால் பள்ளியின் உதவிக் குழு எஸ்என்ஏ 2 போடும். அதற்கும் மேலே தேவைப்பட்டால் மாவட்டக் குழுவும் எஸ்என்ஏ 3-உம். எல்லாக் கட்டத்திலும் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. தனியார் சைக்காலஜிஸ்டிடம் பணம் கட்டி அறிக்கை வாங்கி வந்தால்தான் உதவி என்று அந்தக் கொள்கை சொல்லவில்லை. பள்ளி அப்படிச் சொன்னால், "எஸ்என்ஏ 1 நிரப்பியாயிற்றா? நான் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பேச்சு அங்கேயே கொஞ்சம் மாறும்.

அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

நான் சொல்லும் வரிசை இதுதான்: கடைசிப் பக்கங்களில் உள்ள பரிந்துரைகள், அப்புறம் சோதனையின்போது பிள்ளை நடந்துகொண்ட விதம், அப்புறம் குடும்பப் பின்னணி. அட்டவணைகள் கடைசியில்.

நடந்துகொண்ட விதம் பற்றிய பகுதி ஒரு பக்கம்கூட இருக்காது. பெற்றோர் பலரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் அறிக்கையின் உயிர். "கட்டைகளை அடுக்கும் பணி கடினமாக ஆக, ஒவ்வொரு முறையும் சரியா என்று கேட்டான்." "தெரியவில்லை என்று சொல்லத் தயங்கினாள், நீண்ட நேரம் மௌனமாக இருந்தாள்." "வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தான், ஆனால் கூப்பிட்டதும் வேலைக்குத் திரும்பினான்." இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, வீட்டில் இதைப் பார்த்திருக்கிறோமா என்று அம்மாவும் அப்பாவும் பேசுங்கள். "சரியா, சரியா என்று கேட்கிறான்" என்பதைப் படித்ததும் ஒரு அம்மா என்னிடம், "வீட்டுப்பாடத்தில் ஒரு கோடு வளைந்தாலும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வது நான்தான் டீச்சர்" என்றார். எந்த அட்டவணையும் அவருக்கு இதைச் சொல்லியிருக்காது.

அன்றைக்குப் பிள்ளைக்குச் சளி பிடித்திருந்ததா, காலையில் சாப்பிட்டானா, கண்ணாடி போட வேண்டியவன் போட்டிருந்தானா என்பதும் இங்கேதான் இருக்க வேண்டும். கண், காது பரிசோதனை ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆகவில்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை முடியுங்கள். காது மந்தமான பிள்ளையும் கவனமில்லாத பிள்ளையும் வகுப்பில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

பின்னணிப் பக்கத்தில் ஒரு பிழை அடிக்கடி வரும்

இது இந்த நாட்டுக்கே உரிய சிக்கல், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி மதராசிலிருந்து டர்பனுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவிலும் இருக்கிறார்கள். கோவெண்டர், பிள்ளை, நாயுடு, முதலி என்று பெயர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள், ஆனால் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அதனால் உங்கள் பிள்ளையின் பெயரைப் பார்க்கிற சைக்காலஜிஸ்ட், இதுவும் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலம் பேசும் குடும்பம் என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. 'வீட்டு மொழி: ஆங்கிலம்' என்று அறிக்கையில் ஏறிவிடும்.

அந்த ஒரு வரி தப்பானால் மொழி சார்ந்த மதிப்பெண்களுக்குக் கொடுக்கும் விளக்கம் முழுவதும் தப்பாகும். திருநெல்வேலியில் தமிழ் வழியில் முதல் வகுப்பு முடித்து, இங்கே வந்து ஒன்றரை ஆண்டில் ஆங்கிலம் பழகிய பிள்ளையை, பிறந்ததிலிருந்து ஆங்கிலமே பேசும் பிள்ளைகளோடு ஒப்பிட்டதாகிவிடும். ஆகவே சரிபாருங்கள்: வீட்டில் என்ன மொழி, பிள்ளை எந்த மாதம் இந்த நாட்டுக்கு வந்தான், முன்பு எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படித்தான், எத்தனை பள்ளி மாறியிருக்கிறான், பிரசவம், காய்ச்சல், வலிப்பு பற்றி நீங்கள் சொன்னது சரியாக ஏறியிருக்கிறதா. தப்பிருந்தால் திருத்தி எழுதித் தரும்படி மின்னஞ்சல் போடுங்கள். திருத்திய அறிக்கை வரும்வரை பழையதைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் ஊரில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கும், இங்கே ஜனவரியில். வரும்போது சில பிள்ளைகள் அரை ஆண்டு தாண்டியும் சிலர் அரை ஆண்டு பின்தங்கியும் வகுப்பில் உட்காருகிறார்கள். "வகுப்பு மட்டத்துக்குக் கீழே இருக்கிறான்" என்று ஒரு வரி வந்தால், எந்த வகுப்பின் மட்டம் என்று கேளுங்கள்.

இப்போது எண்கள்

ஆறு வயதிலிருந்து பதினாறு வரையான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விஸ்க் என்ற அறிவுத்திறன் சோதனையை வைப்பார்கள். அதன் ஐந்தாம் பதிப்புதான் இப்போது பரவலாகப் புழங்குவது. சின்னக் குழந்தைகளுக்கு கிரிஃபித்ஸ், விப்சி, இந்த நாட்டிலேயே உருவான ஜேசைஸ் போன்றவை. 1991-இல் வந்த எஸ்எஸ்ஏஐஎஸ்-ஆர் என்ற உள்நாட்டுச் சோதனையையும் இன்னும் சிலர் வைக்கிறார்கள்.

இவற்றில் 100 என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி. நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டான் என்று அர்த்தமில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். விஸ்க் அறிக்கையில் 90 முதல் 109 வரை சராசரி, 80 முதல் 89 வரை சராசரிக்குச் சற்றுக் கீழ், 110 முதல் 119 வரை சற்று மேல். 70-க்குக் கீழும் 130-க்கு மேலும் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருப்பார்கள்.

அப்புறம் பெர்சென்டைல். இதுதான் நம் வீடுகளில் அதிக அழுகையைக் கிளப்புவது. "டீச்சர், கணக்கில் 27 தான் வாங்கியிருக்கிறான், பாஸே இல்லை" என்று ஒரு அப்பா ஃபோனிலேயே குரல் உடைந்தார். அது சதவீதம் அல்ல. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், இந்தப் பிள்ளைக்குப் பின்னால் 27 பேர் நிற்கிறார்கள் என்று பொருள். பெர்சென்டைல் 25 முதல் 75 வரை உள்ளவர்கள் நட்ட நடுவில் நிற்கும் கூட்டம். 27 சராசரிதான்.

மூன்றாவது வகை எண் 1 முதல் 19 வரை வரும். ஒவ்வொரு சிறு சோதனைக்கும் அப்படி ஓர் எண். அதில் 10 நடு, 8 முதல் 12 வரை சராசரி. இருபதுக்கு எட்டு என்று படித்துவிட்டுப் பிள்ளையைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பையன், தமிழ் வீடு, இங்கே வந்து இரண்டு ஆண்டு என்று வையுங்கள். சொல்லறிவு 84, உருவங்களைக் கண்ணால் கையாளுவது 112, புதுப் புதிர்களை யோசித்து விடுவிப்பது 109, கேட்டதை மனதில் வைத்து வேலை செய்வது 91, வேகம் 80. விஸ்க்கின் ஐந்து பிரிவுகள் இவைதான். எல்லாவற்றையும் திரட்டிய ஐக்யூ தொண்ணூறுகளில் எங்கோ ஒன்று வரும். அதை மட்டும் பார்த்தால் "சுமாரான பையன்" என்று மூடி வைத்துவிடுவோம். ஆனால் பிரித்துப் பாருங்கள்: யோசிக்கும் திறனில் நூறில் எழுபது எண்பது பேருக்கு முன்னால் நிற்கிறவன், எழுதும் வேகத்தில் நூறில் தொண்ணூறு பேருக்குப் பின்னால் நிற்கிறான். பதில் தெரிந்தும் நேரத்துக்குள் எழுதி முடிக்க முடியாத பிள்ளை இவன். வகுப்பில் எரிச்சலும் முரண்டும் வருவது எங்கிருந்து என்று இப்போது புரிகிறதா? எண்கள் இப்படி எட்ட எட்ட நிற்கும்போது மொத்த ஐக்யூவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நல்ல சைக்காலஜிஸ்ட் தாமே எழுதிவிடுவார்.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வீச்சு இருக்கும். 84 என்று போட்டு, பக்கத்தில் 78–92 என்பது போல. உண்மையான அளவு இந்த எல்லைக்குள் எங்கோ இருக்கும் என்பதே சோதனை சொல்வது. ஆகவே அக்காவுக்கு 104, தம்பிக்கு 99 என்று வீட்டுக்குள் வரிசைப்படுத்துவது வீண் வேலை. 'ஆறு வயது நான்கு மாதத்துக்குச் சமம்' என்று வயதாகக் கொடுத்திருந்தாலும் மிரள வேண்டாம். ஒன்றிரண்டு கேள்வி கூடக்குறைய ஆனாலே அந்த மாதங்கள் தாவிக் குதிக்கும்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பெருமைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்குத் தமிழில் சோதனை நடக்கும் என்று அதை வைத்து எதிர்பார்க்க முடியாது. சோதனை ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஒப்பிடும் பிள்ளைகளும் பெரும்பாலும் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வளர்ந்தவர்கள். எஸ்எஸ்ஏஐஎஸ்-ஆர் என்றால் முப்பது ஆண்டுக்கு முந்தைய, ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் பேசிய இந்நாட்டுப் பிள்ளைகள். சோதனை பழையதாக ஆக ஆக, எண்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி என்பது ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் பெயரால் அறியப்பட்ட கணக்கு. ஆகவே மொழியால் எண் இறங்கியும் இருக்கலாம், சோதனை பழசானதால் ஏறியும் இருக்கலாம்.

விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலம், "இவ்விரண்டுக்கும் என்ன ஒற்றுமை?" என்பது போன்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஆங்கிலம், ஐந்து ஏழு ஆண்டுகூட எடுக்கும். பிள்ளை டர்பன் உச்சரிப்பில் பொழிந்து தள்ளுகிறான் என்பதால் ஆசிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை. மேலே சொன்ன பையனின் 84-ஐக் கற்றல் குறைபாடு என்று உடனே எடுத்துக்கொள்ளாமல், அவன் தமிழில் எப்படிக் கதை சொல்கிறான், தமிழில் சொற்கள் தடுமாறுகின்றனவா என்று சைக்காலஜிஸ்டிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அது தகவல். இரண்டு மொழியிலும் தடுமாறினால் கவனிக்க வேண்டிய விஷயம், ஆங்கிலத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் காலம் எடுக்கும் விஷயம்.

"வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது பரிந்துரைத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இரண்டு மொழி பேசுவதால் பிள்ளைக்குக் குறைபாடு வருவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராத பாட்டியும் அம்மாவும் உடைந்த ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். அதுதான் நஷ்டம்.

நேரில் பேசும் நாள்

சோதனைக் கட்டணத்திலேயே நேரில் விளக்கும் ஒரு மணி நேரமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா அப்பா இருவரும் போங்கள். ஆங்கிலம் தயக்கம் என்றால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழைத்துப் போகலாம். பத்தாவது படிக்கும் மூத்த மகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தம்பியைப் பற்றி அவள் அப்படிக் கேட்கக் கூடாது.

நம்மவர்கள் அங்கே போனால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். படித்தவர், பெரியவர், குறுக்கே பேசக் கூடாது என்ற தயக்கம். பேசுங்கள். "இதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், சரியா என்று சொல்லுங்கள்" என்று தொடங்கினால் போதும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எங்கே சிக்குகிறது, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், வேறு காரணம் இருக்கலாமா, அடுத்த மூன்று மாதத்தில் ஒன்றே ஒன்று செய்வதானால் எதைச் செய்யச் சொல்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் அறிக்கையில் பரிந்துரை பத்துக்கு மேல் இருக்கும். வாரத்தில் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, ரெமிடியல் வகுப்பு, பிளே தெரபி எல்லாவற்றுக்கும் ஓடினால் பணமும் போகும், பிள்ளையும் சோர்ந்துவிடும்.

பெயர் வைத்திருந்தால்

ஏடிஹெச்டி, டிஸ்லெக்ஸியா, ஆட்டிசம், பதற்றம் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கலாம். பக்கத்தில் எஃப் 90.0, எஃப் 81.0, எஃப் 84.0 போன்ற குறியீடு இருக்கும். ஐசிடி-10 என்ற உலகப் பட்டியலின் எண்கள் அவை. மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்புத் திட்டத்தில் பணம் கேட்க இந்தக் குறியீடு வேண்டும், அதனால்தான் ரசீதிலும் வரும். பெயருக்கு முன்னால் உள்ள வார்த்தையைக் கவனியுங்கள். 'இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்களா, 'அறிகுறிகள் ஒத்துப்போகின்றன', 'மேலும் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்களா? இரண்டும் ஒன்றல்ல. ஒரே ஒரு குறைந்த ஐக்யூ எண்ணை வைத்து அறிவுசார் குறைபாடு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. குளிப்பது, உடுத்துவது, கடையில் சில்லறை வாங்கி வருவது போன்ற அன்றாடக் காரியங்களைப் பிள்ளை எப்படிச் செய்கிறான் என்றும் பார்த்திருக்க வேண்டும்.

மருந்து பற்றி: சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. ஏடிஹெச்டி என்று சந்தேகம் வந்தால் குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அனுப்புவார். ரிட்டாலின் போன்ற மெதில்ஃபெனிடேட் மாத்திரைகள் இங்கே கட்டுப்பாடு மிகுந்த மருந்துகளுக்கான ஆறாம் பட்டியலில் (ஷெட்யூல் 6) இருக்கின்றன. ஒரே சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்க முடியாது, ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு வேண்டும். "மாத்திரை கொடுத்தால்தான் வகுப்பில் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. அதேபோல, ஃபோனில் சித்தப்பா பயமுறுத்தினார் என்பதற்காக மருத்துவர் தொடங்கிய மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

தைப்பூசத்துக்கு வேண்டிக்கொள்வதையோ திருஷ்டி சுற்றுவதையோ நான் தடுப்பதில்லை. தெரபி நாளில் அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கு என்ன கொடுப்பது

முழு அறிக்கையையும் பள்ளிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குடும்பத்தில் நடந்த சண்டை, அப்பாவின் வேலைப் பிரச்சினை, அம்மாவின் கருச்சிதைவு எல்லாம் அதில் எழுதியிருக்கலாம். அது டைப்பிஸ்ட் மேஜையில் கிடக்க வேண்டிய விஷயமல்ல. பள்ளிக்கென்று ஓரிரு பக்கச் சுருக்கம் தரும்படி சைக்காலஜிஸ்டிடம் கேளுங்கள். பலமும் சிக்கலும் வகுப்பில் செய்ய வேண்டியதும் அதில் இருந்தால் போதும். பிள்ளையின் உடல்நல, மனநல விவரங்களைப் பொப்பியா என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனத்தோடு காக்கிறது. யாருக்குப் போகலாம் என்பதில் உங்கள் ஒப்புதல் வேண்டும். நாமும் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும். கோயம்புத்தூர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த பிடிஎஃப்பைப் போட்டால் அப்புறம் எந்தச் சட்டமும் காப்பாற்றாது. பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்போதுகூட யாராவது அதை எடுத்துக் காட்டுவார்கள்.

சுருக்கத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், உதவிக் குழுவோடு ஒரு கூட்டம் கேளுங்கள். யார் என்ன செய்வார், எப்போதிலிருந்து, மறுபடி எந்தத் தேதியில் உட்கார்ந்து பார்ப்போம் என்று எழுதி வாங்குங்கள். வேகம் குறைந்த பையனுக்குக் கரும்பலகையிலிருந்து எழுதுவதைக் குறைத்து அச்சிட்ட தாள் கொடுப்பது, தேர்வில் மணிக்கு இத்தனை நிமிடம் என்று கூடுதல் நேரம் தருவது போன்றவை பள்ளிக்குள்ளேயே செய்யக்கூடியவை. கேள்வியைப் படித்துக் காட்ட ஒருவர், சொல்வதை எழுத ஒருவர் என்ற சலுகைகளும் உண்டு. இங்கே மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் இவை வேண்டுமென்றால் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அறிக்கையும் புதிதாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஓடினால் நடக்காது.

ஓராண்டு அதே வகுப்பில் இருத்தலாம் என்று பரிந்துரை வந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒருமுறைதான் அப்படி நிறுத்தலாம் என்பதை நினைவில் வையுங்கள். கிரேட் ஆர் எனப்படும் முன்வகுப்பிலிருந்து மூன்று வரை ஒரு கட்டம், நான்கிலிருந்து ஆறு வரை அடுத்தது. மறுபடி அதே பாடத்தை அதே விதமாக நடத்துவதில் என்ன மாறப்போகிறது என்று கேளுங்கள். சிறப்புப் பள்ளி என்று பேச்சு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், அந்தப் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். நல்ல சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே போய் முகம் மலர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவசரம்தான் கூடாது.

பிள்ளையிடம் சொல்வது

சொல்லாமல் இருக்கக் கூடாது. கதவை மூடிக்கொண்டு பெற்றோர் பேசுவதைக் கேட்டு அவனாகவே கற்பனை செய்துகொள்வது இன்னும் மோசம். எட்டு வயதுக்கு இவ்வளவு போதும்: "அந்த ஆன்ட்டியோட பஸில் எல்லாம் செய்தாயே, அதில் உனக்கு யோசிக்க ரொம்ப நன்றாக வருகிறது என்று தெரிந்தது. எழுதத்தான் நேரம் பிடிக்கிறது. அதற்கு மிஸ் உதவி செய்வார்கள்." எண் எதுவும் சொல்ல வேண்டாம், உயர்ந்த எண்ணாக இருந்தாலும் வேண்டாம். பதின்வயதுப் பிள்ளை என்றால் சைக்காலஜிஸ்டே அவனோடு தனியாக உட்கார்ந்து பேசட்டும். இங்குள்ள குழந்தைகள் சட்டத்தில் பன்னிரண்டு வயதும் போதிய முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். அவன் காதில் போடாமல் எதையும் செய்வது நடக்காது.

பணம், மறுமதிப்பீடு, கோப்பு

தனியார் மதிப்பீடு சில ஆயிரம் ராண்ட் ஆகும். மெடிக்கல் எய்டு பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே உள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் எடுக்கும், சோதனைக்கு முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமாளிக்க முடியாவிட்டால் பல்கலைக்கழக உளவியல் துறைகள் நடத்தும் கிளினிக்குகளில் குறைந்த கட்டணத்தில் பயிற்சி சைக்காலஜிஸ்டுகள் மேற்பார்வையோடு செய்து தருவார்கள். அரசு மருத்துவமனை வழியாகவும் போகலாம். பக்கத்து கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், காத்திருப்பு நீளமாக இருக்கும்.

அறிக்கை பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே வேறு ஒருவரிடம் அதே சோதனைக்கு உட்கார வைக்காதீர்கள். பிள்ளைக்குக் கேள்விகள் நினைவிருக்கும், எண் பொய்யாக ஏறும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் முதல் அறிக்கையையே இன்னொருவரிடம் காட்டி விளக்கம் கேட்கலாம். மறுபடி அளக்க ஓரிரண்டு ஆண்டு போகட்டும். மொழி காரணமாகச் சந்தேகம் இருந்த பிள்ளைக்கு அந்த இடைவெளி இன்னும் அவசியம்.

ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய அறிக்கை, பள்ளிக்குக் கொடுத்த சுருக்கம், எஸ்என்ஏ படிவங்களின் நகல், கூட்டக் குறிப்புகள், ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். வேலை ஒப்பந்தம் முடிந்து சென்னைக்கே திரும்புவதானாலும், கேப்டவுனுக்கு மாறுவதானாலும், அடுத்து பார்க்கிறவருக்கு எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்ற விவரம் வேண்டும். அது அறிக்கையின் அட்டவணைப் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் சைக்காலஜிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.